மறைத்தால் மறைகிற வட்டம்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மின்னல் அண்ணாவுக்கு,

நீங்கள் ‘வளையம்’ என்று கூப்பிடுகிறவரின் வீட்டம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியை எழுதிவிட்டு மேலே போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த வரியிலேயே பேனா நின்றுவிட்டது. சுகமா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. அதை உங்களிடம் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் கையெழுத்தைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். இத்தனை வருஷமாக உங்கள் இருவருக்கும் நடுவே பறக்கிற உறைகளுக்குத் தபால்தலை ஒட்டுவது மட்டும்தான் என் வேலை. போனில் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் குளியலறையில் முணுமுணுத்தால் சமையலறையில் கேட்கும். உங்கள் பக்கமோ, சிக்னல் கிடைப்பதைவிடச் சூரியனுக்கு வட்டம் கிடைப்பது சுலபம் என்று இவர் சொல்வார். அதனால் இவர் அனுப்புகிற படங்களோடு இதையும் உள்ளே தள்ளி உறையை ஒட்டிவிடுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் வந்துவிட்டாள். வாய் மட்டும் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டது. எனக்குச் சலவைக் கடையில் அதே தையல் வேலை. ஆட்கள் பருப்பதும் இளைப்பதும் நிற்கிறவரை எனக்கு வேலை நிற்காது. இவரும் நீங்கள் விட்டுப்போன அதே அச்சகத்தில்தான் இருக்கிறார். நகலில் இருக்கிற சிவப்பும் தாளில் விழுகிற சிவப்பும் ஒன்றுதானா என்று இவர் பார்த்துத் தலையாட்டினால்தான் இன்றைக்கும் மெஷின் ஓடும். "என் கண்ணை நம்பித்தான் அங்க மை ஊத்துறாங்க" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். உங்களுக்குத் தெரியாததா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவருடைய வானப் பைத்தியம் எனக்குப் புதிதில்லை. நீங்கள் புயலைத் துரத்திக்கொண்டு போய் மின்னலைப் பிடிக்கிறவர். இவர் யாரையும் துரத்த மாட்டார், நின்ற இடத்தில் அண்ணாந்து பார்ப்பார். சூரியனைச் சுற்றி வட்டம் விழுந்தால் நடுவில் இருக்கிற சூரியனை எதையாவது வைத்து மறைத்தால்தான் வட்டம் படத்தில் விழும், இல்லாவிட்டால் படம் முழுக்க வெள்ளையடித்தது போல ஆகிவிடும் என்பது எனக்கே மனப்பாடம். மற்றவர்கள் கம்பத்தை வைத்து மறைப்பார்கள், மொட்டைமாடித் தொட்டியை வைத்து மறைப்பார்கள். இவர் என் தலையை வைத்து மறைப்பார். "கொஞ்சம் இடது பக்கம் வா, குனி, போதும் போதும், மூச்சு விடாத" என்பார். நான் மூச்சு விட்டால் சூரியனுக்கு என்ன ஆகும் என்று இதுவரை சொன்னதில்லை. கல்யாண ஆல்பத்தைத் தவிர இந்த வீட்டில் இருக்கிற எல்லாப் படத்திலும் நான் ஒரு கறுப்புத் தலைதான். "சாமி படம் மாதிரியே இருக்கும்மா, முகம்தான் காணோம்" என்று மகள் கேலி செய்வாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் அண்ணா. அந்த வட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். போலிச் சூரியன் இரண்டு பக்கமும் காவல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அகல் வட்டம் பகல் மழை என்று காய்ந்த துணியை எடுத்து உள்ளே போடுகிற அளவுக்கு எனக்கும் பழக்கம் உண்டு. இவர் காட்டி நான் பார்க்காத வட்டம் என்று ஒன்று இருந்ததில்லை.

இப்போது இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து, பொழுது சாய்கிற நேரத்தில் விளக்குகளைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்கிறார். உள்ளே ஊதா, வெளியே சிவப்பு, நடுவே எல்லா நிறமும் வரிசையாக. தெருவிளக்கைச் சுற்றித் தெரிகிறது, பேருந்தின் முன்விளக்கைச் சுற்றித் தெரிகிறது, எங்கள் கடைப் பலகை விளக்கைச் சுற்றியும் தெரிகிறதாம். நான் பார்த்தால் விளக்குதான் இருக்கிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், அகலமாகத் திறந்து பார்த்தேன், அவர் நிற்கிற இடத்திலேயே அவரை நகர்த்திவிட்டு நின்றும் பார்த்தேன். விளக்கேதான்.

கேமராவும் என் கட்சி. எத்தனை எடுத்தாலும் வட்டம் விழவில்லை. லென்ஸைத் துடைத்தார், மாற்றினார், அச்சகத்துப் புகைப்படக்காரரிடம் நல்ல கேமரா இரவல் வாங்கி வந்தார். அதிலும் இல்லை. காற்றில் ஏதோ நுண்ணிய பனித்தூசி இருக்கிறது, மனிதக் கண்ணுக்குப் பிடிபடுவது மெஷினுக்குப் பிடிபடவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

அப்புறம் வழக்கம்போல என் தலையைக் கூப்பிட்டார். தெருவிளக்கை மறைத்து நின்றேன். "போச்சு!" என்று கத்தினார். நகர்ந்தேன். "வந்துடுச்சு!" என்றார். மறுபடி நின்றேன். மறுபடி போச்சாம். சூரியனை மறைத்தால் வட்டம் பளிச்சென்று தெரிய வேண்டும், இது என்னடா என்றால் விளக்கோடு சேர்ந்து வட்டமும் காணாமல் போகிறது. என் தலைச் சூட்டில் பனி கரைகிறதோ என்று சந்தேகப்பட்டார். அடுப்படியில் நின்றுவிட்டு வந்த தலையாம். பிறகு கம்பத்தால் மறைத்துப் பார்த்தார், குடையால் மறைத்துப் பார்த்தார், அதே கதைதான். கம்பத்துக்கும் தலைச்சூடா என்று கேட்டேன். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் ஊரிலும் விளக்கைச் சுற்றி அதே வட்டம் தெரிகிறது, அங்கேயும் கேமராவில் விழவில்லை, விளக்கை மறைத்தால் வட்டமும் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்களாம். இவர் கடிதத்தை வைத்துக்கொண்டு கூடத்தில் குதித்தார். ஒருத்தர் பார்த்தால் பேச்சு, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தால் பதிவு என்பது உங்கள் இருவரின் சட்டமாமே. ஆக, வட்டம் பதிவாகிவிட்டது. மகள்தான் கேட்டாள், "கேமராவுக்குத் தெரியல, அம்மாவுக்குத் தெரியல, எனக்கும் தெரியல. உங்களுக்கும் மின்னல் மாமாவுக்கும் மட்டும் தனியா ஷோ போடுறாங்களாப்பா?" என்று. இவர் நிதானமாக என் பக்கம் திரும்பி, "உங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு, உனக்குப் பொறுமை இல்ல" என்று சொல்லிவிட்டார். விளக்கு போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவள் நான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதற்கு எங்கள் வீட்டில்தான் உதாரணம் இருக்கிறது.

சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். ஆனால் வட்டம் தெரிந்த அன்றைக்கெல்லாம் புருவத்துக்கு மேலே வலிக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார். ஒருநாள் வாந்தியும் எடுத்தார். உற்றுப் பார்த்த களைப்பு என்கிறார். மேஜையில் இடப்பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிறார், நான் கண்ட இடத்தில் வைக்கிறேன் என்று எரிந்து விழுகிறார். எனக்கு ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். அது என்ன வட்டம்? அதை எப்படிப் பார்க்க வேண்டும்? எனக்கும் சொல்லிக் கொடுங்கள். இல்லை, நண்பன் மனம் நோகக் கூடாது என்று நீங்கள் ஒத்து ஊதுகிறீர்களா? அப்படியென்றாலும் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்த வீட்டில் யாருடைய கண் சரி என்று தெரிந்தால் போதும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இடி இடிக்கும்போது வெட்டவெளியில் நிற்காதீர்கள் என்று உங்களிடம் சொல்வது வீண், ஆனாலும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
குழப்பத்தோடு,
உங்கள் தங்கை


புதன்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் பதில் இரண்டு வாரம் முன்பே கிடைத்தது. "ஒத்து ஊதுற பழக்கம் எனக்கு இல்ல தங்கச்சி, வயசு ஏறினா சிலருக்கு மெல்லிசான நிறம் தெரியாது, எதுக்கும் ஒரு தடவை கண்ணைக் காட்டிடு" என்று எழுதியிருந்தீர்கள். பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாது என்று போய்க் காட்டினேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். வாசிக்கும்போது தயவுசெய்து உட்கார்ந்து வாசியுங்கள்.

கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவர் துணைக்கு வந்தார். துணைக்கு என்று பேர், நான் தோற்பதைப் பார்க்க வந்தார் என்பதுதான் நிஜம். வழியெல்லாம் நல்ல கண்ணாடி எது, கெட்ட கண்ணாடி எது என்று எனக்குப் பாடம். உள்ளே போனதும் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை வாசித்தேன். அதற்கும் கீழே பொடி எழுத்தில் பலகையை அச்சடித்தவர்கள் பெயர் இருந்தது, அதையும் வாசித்தேன். டாக்டரம்மா இளவயசுப் பெண். சிரித்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, தைரியமாப் போங்க" என்றார்.

எழுந்திருக்கப் போனேன். இவருக்குப் பொறுக்கவில்லை. "அப்படின்னா இவளுக்கு ஏன் டாக்டர் வட்டம் தெரிய மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டார். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்ன வட்டம் என்று கேட்டார். கேட்க ஆள் கிடைத்தால் விடுவாரா? ஊதா உள்ளே, சிவப்பு வெளியே, சாயங்காலத்தில் அதிகம், முடிந்ததும் புருவத்தில் வலி என்று ஒன்றுவிடாமல் சொன்னார், கையால் வட்டம் வரைந்து காட்டினார். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்ததும், "சார், நீங்க கொஞ்சம் இந்த நாற்காலியில உக்காருங்க" என்றார்.

நான் எழுந்து இவருக்கு இடம் விட்டேன்.

என்னென்னவோ கருவியில் முகத்தை வைக்கச் சொன்னார்கள். புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்துங்கள் என்று ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது கண்ணுக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, இவர் விரல் சும்மா இருந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

கிளாக்கோமா என்றார் டாக்டரம்மா. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியே வடிகிற மூலை இவருக்குக் குறுகலாம். இருட்டுகிற நேரத்தில் அது அடைத்துக்கொள்கிறதாம். அழுத்தம் ஏறும்போது கருவிழியின் மேல்பரப்பு வீங்கி, ஆவி படிந்த கண்ணாடி போல ஆகிவிடுமாம். அதன் வழியாகப் பார்த்தால் எந்த விளக்கைச் சுற்றியும் வட்டம் தெரியுமாம், நிறத்தோடு. இடது கண்ணின் ஓரப் பார்வை கொஞ்சம் போய்விட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், அந்த நீர் வடிய லேசரில் பொடியாக ஒரு துளை போட வேண்டும், இன்றைக்கே போட்டுவிடலாம் என்றார்.

இவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா அண்ணா? "அப்போ நான் பார்த்தது நிஜம்தானே?" என்று. "நிஜம்தான் சார், ஆனா வெளியில இல்ல, உங்க கண்ணுக்குள்ள நடக்குது" என்றார் அந்தப் பெண். இவர் முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்தது, சத்தியமாக வந்தது. அதைப் படம் எடுக்க வழி உண்டா என்றுகூடக் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எது முதலில் வருவது என்று சண்டை போட்டன.

பிறகு டாக்டரம்மா, "விளக்கை எதையாவது வெச்சு மறைச்சா வட்டமும் போயிடுமே, கவனிச்சீங்களா?" என்று கேட்டார். இவர் திரும்பி என் தலையைப் பார்த்தார். வானத்தில் விழுகிற வட்டமாக இருந்தால் சூரியனை மறைத்தாலும் வட்டம் நிற்கும். கண்ணுக்குள் இருக்கிற வட்டத்துக்கு விளக்கின் வெளிச்சம் கண்ணுக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் வட்டமும் இல்லை. ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் இவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு அது. இத்தனை வருஷம் சூரியனை மறைத்து மறைத்துப் பார்த்தவருக்கு, தன் கண்ணைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை. என் தலைச்சூட்டைச் சந்தேகப்படத் தோன்றியது.

சரி என்பார் என்று நினைத்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். பேருந்திலிருந்து இறங்கும்போது காரணம் சொன்னார். "மின்னலும் பார்த்திருக்கான். அவன் எங்கேயோ, நான் எங்கேயோ. ரெண்டு பேர் கண்ணும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா? ரெண்டு பேர் பார்த்தது பதிவு. டாக்டருக்கு வானத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை இறங்கி வரவில்லை. அச்சகத்துக்குத் தெரிந்தால் வேலை என்ன ஆகும் என்ற பயமும் உள்ளே இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். வெளியே சொல்கிற காரணம் நீங்கள்தான்.

சொட்டு மருந்து மட்டும் போட்டுக்கொள்கிறார், அதுவும் நான் பாட்டிலோடு வழிமறித்தால். கட்டிலில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருப்பார், நான் இமையைப் பிரித்துச் சொட்டு விடுவேன். "மருந்து போட்டுக்கிட்டே இருந்தாலும் அடைப்பு திடீர்னு மொத்தமா விழாதுன்னு சொல்ல முடியாதும்மா, சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்று அந்தப் பெண் போனிலேயே இரண்டு முறை சொல்லிவிட்டார். மகள் அழுது பார்த்தாள். கேலி செய்யத் தெரிந்தவள் அழுதும் இவர் அசையவில்லை.

முதலில் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. ஒத்து ஊதினவர் நீங்கள், கண் போகப்போவது இவருக்கு என்று நினைத்தேன். திட்டி எழுதத்தான் தாளை எடுத்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது, வந்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. விளக்கை மறைத்தால் வட்டம் போகிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நண்பனைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்கிறவர், ஆமாம் எனக்கும் தெரிகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வார். மறைத்துப் பார்க்க மாட்டார். இவரிடம் கேட்டேன், மறைத்தால் போகிறது என்பதை இவர்தான் முதலில் உங்களுக்கு எழுதினாரா என்று. "எழுதினேன்னு நினைக்கிறேன்" என்றார். சாப்பிட்டு எழுந்ததும், "இல்ல, அவன் எழுதினதைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது, நான் சொல்லாமலே சொல்லிட்டானேன்னு" என்றார். மறுநாள் காலையில் கேட்டால் ஞாபகமில்லை என்கிறார். மூன்றில் எதை நம்புவது? இவர் எழுதியதைத்தான் நீங்கள் திருப்பி எழுதினீர்கள் என்று ஆகிற முதல் பதிலைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், பிடி நழுவிக்கொண்டே இருக்கிறது.

அண்ணா, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். அந்த வட்டத்தை நீங்கள் பார்த்தீர்களா, பார்க்கவில்லையா? பார்க்கவில்லை என்றால் அதை ஒரே வரியில் இவருக்கு எழுதிவிடுங்கள். பதிவு அழிந்தால் இவர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். கொஞ்ச நாள் உங்கள் மேல் முறைத்துக்கொண்டிருப்பார், நான் சமாதானம் செய்துகொள்வேன். பார்த்தது உண்மை என்றால் எங்களுக்கு எதுவும் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதல் பேருந்தைப் பிடித்து ஒரு கண் டாக்டரிடம் போங்கள். புருவத்தில் வலி வருகிறதா, பொருள்களைத் தட்டிவிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இவருக்காவது பக்கத்தில் நின்று, எனக்கு எதுவும் தெரியவில்லையே என்று சண்டை போட நான் இருந்தேன். உங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த வட்டம் இல்லை என்று உங்களிடம் யார் சொல்வார்கள்?

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்களே, அப்படி நிற்கிறேன். நீங்கள் உண்மை பேசுகிறவர் என்று இவர் இருபது தடவை சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல மனிதரைப் பற்றி இப்படி வேண்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் இரண்டு கண்ணும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

நீங்கள் பொய்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கும்,
உங்கள் தங்கை